கார்டில் எரிந்த ஐந்து மணி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சாயங்காலம் பார்க்கில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுகிறீர்கள். அந்தக் காலத்து மயிலாப்பூர் என்ன அமைதி, பெரியவர்கள் என்ன கண்ணியம், குளத்தில் என்ன தண்ணீர். குளத்தில் தண்ணீர் இருந்தது வாஸ்தவம். மற்றதற்கெல்லாம் நான் சாட்சி சொல்ல மாட்டேன். நான் வளர்ந்த வீட்டில் அடிதான் இருந்தது. கை, பிரம்பு, விசிறிக் காம்பு, கரண்டி, எது கிட்டே இருக்கிறதோ அது. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். மறந்திருப்பீர்கள், அல்லது மறந்த மாதிரி இருப்பீர்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அதனால் ஒரே ஒரு பங்குனி மாசத்தைப் பற்றி எழுதி வைத்துவிடுகிறேன்.

முப்பதுகளின் ஆரம்பம். சீமைத் துணிக் கடைகளுக்கு முன்னால் கதர்க்காரர்கள் உட்கார்ந்து மறியல் செய்வதும், போலீஸ் வந்து அவர்களை அடித்து இழுத்துப் போவதுமாக இருந்த சமயம். எனக்குப் பத்து வயது. அண்ணாவுக்குப் பதினெட்டு, காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு வேறொரு காலேஜில் உத்தியோகம். பௌதிக வகுப்பில் பையன்களுக்குக் கருவிகளை எடுத்து வைத்துச் சோதனை செய்து காட்டுவது அவர் வேலை.

அப்பாவுக்கு வெயில் பைத்தியம். ஆகாசத்திலிருந்து கிளம்புகிற வெயில் நம் தலையில் வந்து விழுவதற்குள் நடுவில் இருக்கிற காற்றும் தூசியும் ஈரமும் அதில் எவ்வளவைத் தின்றுவிடுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். காலேஜ் மாடியில் மரநிழல் விழுகிறது என்று சொல்லி, பிரின்ஸ்பாலிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கருவிகளை எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். கறுப்பு மை பூசின செப்புத் தட்டு ஒன்று, அதன் முதுகில் சொருகின தெர்மாமீட்டர். கட்டைவிரல் தடிமனில் ஒரு பித்தளைக் குழாய். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கண்ணாடிப் பந்து.

பெரிய சாத்துக்குடி அளவு இருக்கும். மாடியின் தெருப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி இடுப்பளவுக்கு ஒரு செங்கல் தூண் கட்டி, அதன்மேல் பாதிக் கிண்ணம் மாதிரி ஒரு பித்தளைச் சட்டத்தில் உட்கார வைத்திருந்தார். சட்டத்தில் காடி வெட்டியிருக்கும். அதில் ஒரு நீல நிறக் கார்டைச் செருக வேண்டும். கார்டில் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வெள்ளைக் கோடு கோடாக மணி அச்சடித்திருக்கும். சூரியன் நகர நகர, பந்து அந்த வெளிச்சத்தைக் குவித்துக் கார்டைச் சுட்டுக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் சுடாது, கோடு அங்கே அறுந்து நிற்கும். அஸ்தமனத்துக்கு அப்புறம் கார்டை உருவிப் பார்த்தால் அன்றைய வெயில் முழுவதும் கறுப்புக் கோடாக எரிந்திருக்கும். அந்தக் கருகல் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது, தலைமுடி பொசுங்கின மாதிரி.

தினமும் பழைய கார்டை உருவிப் புதுசு செருகுவது அண்ணாவின் வேலை. எனக்கு மாடிப்படியில் கால் வைக்கக்கூட அனுமதி இல்லை. ஏன் இல்லை என்றால், அதற்கு முந்தின வருஷம் ஒருநாள் நான் மாடிக்குப் போய், பந்துக்குப் பின்னால் ஒரு புள்ளி மட்டும் பளீரென்று நிற்கிறதே என்று ஆள்காட்டி விரலை அங்கே நீட்டினேன். நான் அலறின அலறலில் தெரு கூடிவிட்டது. அம்மா வெண்ணெய் தடவ ஓடிவந்தாள். அப்பா அவளைத் தள்ளிவிட்டு, "எந்த விரல்?" என்று கேட்டார். காட்டினேன். அந்தக் கையை விட்டுவிட்டு மற்றொரு கையில் பிரம்பால் ஆறு அடி கொடுத்தார். "உன் விரல் மறைச்சதுல பத்து நிமிஷ ரிக்கார்டு போச்சுடி" என்றார். கொப்புளம் உடைந்து ஆற ஒரு மாசம் ஆயிற்று. எழுதுகிற கை அது.

பித்தளைக் குழாய்க் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவை உங்களுக்குப் புரியாது. அதைக் கண்ணில் வைத்து அடிவானத்தைப் பார்த்தால் வானவில் மாதிரி பட்டை தெரியும், அதில் மெல்லிசாகக் கறுப்புக் கோடுகள். ஆரஞ்சு நிறத்துப் பக்கம் ஒரு கோடு தடித்துப் பட்டையாகிவிட்டால் காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது, மழை வரும் என்று அர்த்தம். அந்த வருஷக் கோடையில் ஒருநாள் அம்மா இரண்டு படி அரிசிக்கு வடாம் பிழிய மாவு கிளறி வைத்துவிட்டு, "மழை வருமா, பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். அப்பா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலு நாளைக்குச் சொட்டு விழாது" என்றார். மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது. வடாமெல்லாம் கரைந்து மாடித் தண்ணீரோடு தெருவில் ஓடிற்று. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உங்க குழாய்க்குள்ளே இந்த மழை தெரியலையோ?" என்றாள். அப்பா மாவுக் குண்டானைத் தூக்கி எறிந்தார். அது அவள் நெற்றியில் பட்டு விளிம்பு பதிந்துவிட்டது. சாயங்காலம் வந்த வைத்தியரிடம் அவளே, "படி வழுக்கிடுத்து" என்றாள். அடிக்கு அப்பாவுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஆனால் அவர் சொன்னது தப்பு என்று ஆகிவிட்டால் மட்டும் அந்த மனுஷர் கண்ணில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

இனி பங்குனிக்கு வருகிறேன். ஒருநாள் சாயங்காலம், அப்பா இன்னும் காலேஜிலிருந்து வரவில்லை. அண்ணா கொல்லைப்புறத்தில் வந்து என் பின்னலை இழுத்தான்.

"ஏய், இன்னிக்குக் கார்டை நீ மாத்திடறியா?"

"நானா? அப்பா கொன்னுடுவார்."

"அவருக்கு எப்படித் தெரியும்? பழசை உருவி உள்ளே வெச்சுட்டுப் புதுசைச் சொருகிடு. நேக்கு பீச்சுக்குப் போகணும். கூட்டம் இருக்கு."

கதர்க்காரர்கள் கூட்டம். அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குக்கூடத் தெரியும், அப்பாவுக்கு மட்டும் தெரியாது. அண்ணா ஒரு கதர்ச் சட்டையைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தான். நான் சரி என்றேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அந்தப் பந்தைத் தொட வேண்டும் என்கிற ஆசை அதைவிடப் பெரிசாக இருந்தது.

கோடையிலும் குளிர்காலத்திலும் போடுகிற கார்டுகள் வளைவாக இருக்கும். மாற்றிச் செருகினால் காடியில் உட்காராது. ஆனால் பங்குனியிலும் புரட்டாசியிலும் மட்டும் நேரான கார்டு. அதை எப்படிச் செருகினாலும் உட்கார்ந்துவிடும். நான் புதுக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு முனை காலை, மறு முனை மாலை. சூரியன் எங்கே உதிக்கிறது? கிழக்கே. ஆகக் காலை முனை கிழக்கே இருக்க வேண்டும். செருகிவிட்டு, பின்பக்கத்திலிருந்து எக்கிப் பார்த்தேன். எண்கள் சரியாகத்தான் தெரிந்தன. எனக்கு ரொம்பப் பெருமை.

தப்பு அங்கேதான். கிழக்கே நிற்கிற சூரியன் பந்துக்குள் நுழைந்து மேற்குப் பக்கத்தில் போய்ச் சுடும். விளக்கு ஒரு பக்கம் இருந்தால் நம் நிழல் எதிர்ப் பக்கம் விழுகிற மாதிரிதான். அதனால் காலை முனை மேற்கே இருக்க வேண்டும். நான் செருகின மாதிரி செருகினால் காலை பத்து மணி வெயில், கார்டில் மத்தியானம் இரண்டு மணிக் கோட்டில் எரியும். இரண்டு மணி வெயில் பத்தில் எரியும். இதெல்லாம் பத்து வயதுப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? படியில் கால் வைக்காதே என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

மறுநாள் பத்து மணி சுமாருக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தெருவிலிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. முதலில் கோஷம், அப்புறம் விசில், அப்புறம் துணி துவைக்கிற மாதிரி ஒரு சத்தம். நாங்கள் எல்லோரும் துணி துவைக்கிற சத்தம் என்றுதான் நினைத்தோம். டீச்சர் ஜன்னலைச் சாத்தினாள். மத்தியானம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள்.

எங்கள் தெருக் கோடியில்தான் மறியல் நடந்த சீமைத் துணிக் கடை. அதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். ரோடெல்லாம் செருப்பு, ஒற்றை ஒற்றையாக. மிதிபட்ட வெள்ளைக் குல்லாய். கடைப் பையன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான், தண்ணீர் ரோஜா நிறத்தில் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தேய்க்காத இடத்தில் ஈ மொய்த்தது. ஒரு கற்றைத் தலைமுடி, தோலோடு, விளக்குக் கம்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். கடைப் பையன் அதன்மேலும் ஒரு வாளி ஊற்றினான்.

வீட்டில் அண்ணா கூடத்து மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா சாதம் போட்டும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னான்.

"நானும் போய் உக்கார்றதாத்தான் இருந்துது. சட்டையெல்லாம் போட்டுண்டேன். கால் வரலை. மாடிக்குப் போய்ப் பந்துகிட்டே சாஞ்சுண்டு பாத்துண்டே நின்னேன். உக்காந்திருக்கறவா தலையில அடிக்கறான். கை ஒடியற சத்தம் மாடி வரைக்கும் கேட்டுது. நான் நின்னுண்டே இருந்தேன்."

அவன் அழுதான். பதினெட்டு வயதுப் பையன் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகு அப்படியே படுத்துத் தூங்கிவிட்டான்.

மூன்றரைக்கு அப்பா வந்தார். நாலு மணிக்குப் போலீஸ் வந்தது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, இரண்டு கான்ஸ்டபிள்கள். எதிர்வீட்டு ஜட்கா வண்டிக்காரர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "சார், என்னைத் தெரியுதுங்களா? உங்ககிட்டப் படிச்சவன். லென்ஸ் சோதனையில தப்புப் பண்ணிட்டேன்னு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சீங்க."

அப்பா லேசாகச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

"காலைல எங்க ஆள் ஒருத்தன் மேல கல் எறிஞ்சிருக்காங்க. முன்பல்லு நாலும் போச்சு. எறிஞ்சது ஒரு காலேஜ் பையன்றாங்க. யாரோ உங்க பையனைச் சொல்லிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார். பத்து மணிக்குப் பையன் வீட்ல இருந்தான்னு. எழுதிக்கிட்டுப் போயிடறேன்."

ஒரு வார்த்தை. உங்களில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பீர்கள். பிள்ளை கொலையே செய்திருந்தாலும் சொல்லியிருப்பீர்கள்.

அப்பா சொன்னார், "பத்து மணிக்கு நான் காலேஜ்ல இருந்தேன். பாக்காததை எப்படிச் சொல்றது?"

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "ஆத்துலதான் இருந்தான்" என்றாள்.

அப்பா திரும்பினார். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்கே பாத்தே? எத்தனை மணிக்கு?"

"நான் கொல்லைல துணி தோச்சிண்டிருந்தேன். அவன் எங்கே போவான்?"

"அப்போ நீ பாக்கலை."

"அம்மா சொன்னதே போதும் சார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"போதாது" என்றார் அப்பா.

அண்ணா முன்னால் வந்தான். "நான் மாடில இருந்தேன்ப்பா. பந்துகிட்டே சாஞ்சுண்டு நின்னேன், அவா அடிச்சு முடிக்கற வரைக்கும்."

அதற்குள் ஜட்கா வண்டிக்காரர் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். "மெய்தான் சாமி. நான் கண்ணால பாத்தேன். புள்ள மாடிலதான் நின்னுக்கினு இருந்திச்சு. அவ்ளோ நேரமும் அசையல."

ஏட்டு லத்தியால் அவர் முழங்கால் எலும்பில் ஒன்று வைத்தார். "உன்னை எவன்டா கூப்ட்டான்? போய்க் குதிரையப் பாரு." வண்டிக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா கையைத் தூக்கினார். "யாரும் சொல்ல வேண்டாம். இவன் பத்து மணிக்குப் பந்துகிட்டே நின்னிருந்தா கார்டுல அந்த இடம் எரிஞ்சிருக்காது. இன்னிக்குப் பொட்டு மேகம் கிடையாது. அது பொய் சொல்லாது, பயப்படாது, உறவு பாக்காது." படியேறிப் போய்க் கார்டை உருவிக்கொண்டு வந்தார். எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்று அவர் பார்த்திருக்க வேண்டும். பிள்ளையைக் காப்பாற்றக் கருவி இருக்கிறது என்கிற அவசரத்தில் பார்க்கவில்லை. ஆமாம், காப்பாற்றத்தான் போனார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாசல் வெளிச்சத்தில் கார்டைப் பிடித்தார். பார்த்தார். அவர் முகம் சுருங்கினது. வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்.

"பத்து மணியில கோடு அறாம எரிஞ்சிருக்கு. அப்போ யாரும் மறைக்கலை. ரெண்டு மணியில அறுந்திருக்கு, இருபது நிமிஷம்." பிறகு அண்ணா பக்கம் திரும்பி, "மத்தியானம் போய் நின்னுட்டு, காலம்பற நின்னேன்னு சொல்றியா?"

"ரெண்டு மணிக்குத் தூங்கிண்டிருந்தேன்ப்பா. இன்னொரு தடவை நன்னாப் பாருங்கோ."

அப்பா அவனை அறைந்தார். "எனக்குப் பாக்கத் தெரியாதா?"

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "அப்ப சாட்சி ஜோடிச்சிருக்கான் சார், வெவரமாத்தான்" என்றார். அவர் குரல் மாறிவிட்டிருந்தது.

நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார்டை மாற்றினது நான். அதைச் சொன்னால் போதும், அப்பா இன்னொரு தடவை பார்ப்பார். எனக்கு வாய் வரவில்லை. பிரம்பு கூடத்தில் ஆணியில் தொங்குவது எனக்குத் தெரிந்தது. அண்ணா அப்போது என்னை ஒரு தடவை பார்த்தான். அவனுக்கும் தெரியும், கார்டை மாற்றினது யார் என்று. அவனும் சொல்லவில்லை.

ஏட்டு அவன் முழங்காலின் பின்பக்கத்தில் அடித்தார். அண்ணா மடிந்து விழுந்ததில் முகவாய் படிக்கல்லில் மோதிப் பிளந்தது. எழுந்திருக்கப் போனவனைத் தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, விலாவில் பூட்ஸ் காலால் ஒன்று. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, காலையில் பள்ளிக்கூடத்தில் கேட்டது துணி துவைக்கிற சத்தம் இல்லை என்று. அம்மா வெளியே ஓடிவந்து அவன்மேல் விழுந்தாள். ஒரு கான்ஸ்டபிள் அவள் கொண்டையைப் பிடித்துத் தூக்கி ஓரமாக விட்டான். அண்ணாவைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவோடு நடத்திக்கொண்டு போனார்கள். அப்பா கையில் கார்டோடு நின்றுகொண்டிருந்தார்.

ஜட்கா வண்டிக்காரர் தூணைப் பிடித்து எழுந்தார். "இன்னா சாமி நீ. துண்டுக் காயிதத்தப் பாத்துப் பெத்த புள்ளயக் குடுத்துட்டியே" என்றார். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

விளக்கு வைக்கிற நேரம். எது நடந்தாலும் அன்றைய கணக்கைப் பெரிய நோட்டுப் புஸ்தகத்தில் எழுதியாக வேண்டும் அவருக்கு. மேஜைமேல் கார்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அறைக்கு வெளியே நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

"எட்டு மணிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். "காலம்பற மேகமே இல்லையே." விரலைக் கோட்டோடு நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில் விரல் நின்றது. "அஞ்சேகால் வரைக்கும் எரிஞ்சிருக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார்.

"நாலு மணிக்குத்தானே இதை எடுத்தேன். வராத அஞ்சு மணி எப்படி எரியும்?"

கார்டை மெதுவாகத் தலைமாற்றித் திருப்பி வைத்து, அச்சடித்த எண்ணை விட்டுவிட்டு, இடது முனையைக் காலை ஆறாக வைத்துக் கோடுகளை எண்ணினார். அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது. ஆறே முக்காலுக்கு ஆரம்பம், நாலு மணிக்கு முடிவு, நடுவில் பத்து மணிக்கு இருபது நிமிஷம் வெறும் நீலம். அந்த நீலத்தில்தான் அண்ணா நின்றிருந்தான். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் மாத்தினா?" நிமிராமலேயே கேட்டார்.

"நான்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார், தலைப்பாகையை வைத்துக்கொண்டார், கார்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். அம்மா மூலையிலிருந்து தட்டுத்தடுமாறி எழுந்தாள். "ஸ்டேஷனுக்குத்தானே? போங்கோ. இருந்தான்னு சொல்லுங்கோ. உங்க கால்ல விழறேன்."

அப்பா செருப்பில் கால் நுழைத்துக்கொண்டு நின்றார். எதிர்ப்புறம் தெருக்காரர்கள் இன்னும் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, எனக்குத் தெரியாது. பிறகு செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து தலைப்பாகையை ஆணியில் மாட்டினார்.

"தெரு பூரா கேக்கச் சொல்லியாச்சு" என்றார், என்னிடம் இல்லை, சுவரிடம். "இப்போ போய்க் கார்டைத் தலைகீழாப் படிச்சேன்னு சொன்னா, பெஞ்சு மேலே நிக்க வெச்ச பையன் என்னைப் பாத்துச் சிரிப்பான்."

அப்புறம் உட்கார்ந்து நோட்டில் எழுதினார். என்ன எழுதினார் என்று மறுநாள் அவர் இல்லாதபோது பார்த்தேன். காலை பத்து மணிக்கு இருபது நிமிஷம் இடைவெளி, ஆள் மறைத்தது என்று எழுதியிருந்தார், அழகான கையெழுத்தில். அந்த நோட்டிடம் பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. எழுதி முடித்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதைத் திருகாமல், கையைக்கூடத் தொடாமல், "வாயைத் திறந்தே, தோலை உரிச்சுடுவேன்" என்றார். நான் திறக்கவில்லை. அம்மாவிடம்கூட.

மூன்று நாள் கழித்து அண்ணாவை விட்டார்கள். பல் போன கான்ஸ்டபிள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, எறிந்தவன் இவன் இல்லை என்று சொல்லிவிட்டானாம். ஜட்கா வண்டிக்காரர்தான் நொண்டிக்கொண்டே போய் வண்டியில் கூட்டிவந்தார். முகம் அடையாளம் தெரியவில்லை. இடது காதிலிருந்து சீழும் ரத்தமும் வந்துகொண்டிருந்தது. கொண்டுபோன அன்றைக்கே, ஏழரை எட்டு மணிக்கு, அந்தக் காதில் ஏட்டு திரும்பத் திரும்ப அறைந்தாராம். டாக்டர் பார்த்துவிட்டு ஜவ்வு கிழிந்துவிட்டது, இனிமேல் அந்தக் காது கேட்காது என்றார். நான் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், எத்தனையோ தடவை. அப்பா தலைப்பாகையைக் கழற்றி மாட்டினபோது மணி ஆறரை. அப்போது அந்தக் காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் தெருப் பையன்களுக்கு அண்ணா பெரிய வீரன். கல்லெறிந்து போலீஸ்காரன் பல்லை உடைத்தவன் என்று பேசிக்கொள்வார்கள். இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல, அடக்கத்தைப் பார் என்பார்கள். அவன் படிப்பை விட்டுவிட்டு தியாகராய நகரில் ஒரு காகிதக் கடையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். அப்பாவோடு கடைசி வரைக்கும் ஒரே வீட்டில் இருந்தான், அவருக்குக் கொள்ளியும் வைத்தான். இருவரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கருவிகளைக் காலேஜ்காரர்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். நோட்டுகள் என்ன ஆயின என்று தெரியவில்லை. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்பார்கள். அப்பாவின் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், என்ன நேர்மையான மனுஷர் என்றார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும் போல் இருந்தது. பிறகு, நான் மட்டும் என்ன யோக்கியம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அண்ணாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. நங்கநல்லூரில் பிள்ளையோடு இருக்கிறான். நான் மாசம் ஒரு தடவை போவேன், எப்போதும் அவனுக்கு வலது பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். போன மாசம் போனபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. நாட்டுப்பெண் காபியை வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போயிருந்தாள். நான் நாற்காலியை இடது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தக் காதுப் பக்கம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்டை எப்படிச் செருகினேன், அப்பா எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தார், செருப்புப் போட்டுக்கொண்டு எப்படி நின்றார், நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தேன், எல்லாம். சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் எதிரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவன் திரும்பினான்.

"ஏதோ சொல்லிண்டிருந்தியே. அந்தக் காதுதான் கேக்காதுன்னு நோக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் வந்து சொல்லு."

நான் எழுந்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவனைச் சுற்றி வலது பக்கம் வந்து உட்கார்ந்தேன். அவன் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு காத்திருந்தான்.

"காபி ஆறிடும், குடின்னு சொன்னேன்" என்றேன்.